பழங்கொடிகளிலிருந்து சிவப்பு ஒயின்: கூட்டுறவு ஒயின் கூடத்துக்கான முழுமையான வழிகாட்டி

தெற்கு பிரான்ஸின் கோர்பியேர் மலைச்சரிவில் உள்ள ஒரு கூட்டுறவு ஒயின் கூடத்தில் பல அறுவடைகளைக் கடந்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் நாளே எந்த ஈஸ்ட், எவ்வளவு வெப்பம், எத்தனை நாள் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் ஈஸ்ட் போடும் நாள் வரும்போது பழங்கொடி, அதாவது வயதான திராட்சைக் கொடி, தரும் ஒயினின் தலையெழுத்தில் பெரும்பகுதி எழுதி முடிந்திருக்கும். அறுபது வயதுக் கொடியின் பழமும் பத்து வயதுக் கொடியின் பழமும் கூடத்தில் பழம் கொட்டும் ஒரே குழியில் விழுந்துவிட்டால், அவற்றைப் பிரித்துத் தர எந்த ஈஸ்டாலும் முடியாது.

தனியாள் தோட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கூட்டுறவில் ஐம்பது, நூறு உறுப்பினர்களின் பழம் ஒரே வாசல் வழியாக வருகிறது. அதனால் இந்த வேலை செப்டம்பரில் அல்ல, பிப்ரவரியில் தொடங்குகிறது. இங்கே சொல்வதெல்லாம் கரினியான் என்ற கறுப்புத் திராட்சை வகையை வைத்து. கிரெனாஷ் என்ற மற்றொரு வகைக்கு மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

குளிர்விக்க வசதியுள்ள சிறு தொட்டிகள், 15 முதல் 20 கிலோ பிடிக்கும் ஆழமற்ற பிளாஸ்டிக் பெட்டிகள், சர்க்கரை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அடர்த்திமானி, வெப்பமானி, கரியமில வாயு அளக்கும் கருவி, சக்கை பிழியும் இயந்திரம். வாயு அளக்கும் கருவியை யாரும் முதலில் வாங்குவதில்லை. முதலில் வாங்க வேண்டியது அதுதான். காரணம் ஏழாம் படியில் வருகிறது.

1. முதலில் விலையைப் பேசி முடியுங்கள்

பல கூட்டுறவுகளில் பழத்துக்குப் பணம் கொடுக்கும் பழைய முறை, கிலோவை டிகிரியால் பெருக்குவது. டிகிரி என்பது அந்தப் பழத்தின் சர்க்கரை எத்தனை விழுக்காடு ஆல்கஹால் ஆகும் என்ற கணக்கு. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு டிகிரி.

இந்த முறை பழங்கொடிகளுக்கு எமன். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மலைச்சரிவில் உள்ள பழங்கொடி ஹெக்டேருக்கு 3,250 கிலோ தருகிறது, 13.5 டிகிரி: பெருக்கினால் 43,875. கீழே சமவெளியில் இளங்கொடி 10,400 கிலோ தருகிறது, 12 டிகிரி: 1,24,800. ஒரே அளவு நிலம், ஏறக்குறைய மூன்று மடங்கு வருமானம். மலைச்சரிவுக்காரர் குனிந்து கவாத்து செய்து, கையால் பறித்து, மூன்றில் ஒரு பங்கோடு வீடு திரும்புகிறார். 2024-இல் பிரான்ஸ் அரசு கொடிகளை நிரந்தரமாகப் பிடுங்கிப் போட ஹெக்டேருக்கு 4,000 யூரோ அறிவித்தது. அந்தக் கணக்கையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவரை யார் குறை சொல்ல முடியும்?

ஆகவே பழங்கொடி நிலத்துக்குக் கிலோ கணக்கில் அல்லாமல் ஹெக்டேர் கணக்கில் பணம் என்று பொதுக்குழுவில் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஈடாக உறுப்பினர், கூடம் சொல்லும் நாளில், கூடம் சொல்லும் விதத்தில் பறித்துத் தர ஒப்புக்கொள்கிறார்.

இதைப் பிப்ரவரியில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கவாத்து அப்போதுதான் நடக்கிறது. கிலோவுக்குப் பணம் என்று நினைத்துக் கத்திரி பிடிப்பவர் கொடியில் அதிக மொட்டுக் கண்களை விட்டுவிடுவார். ஆகஸ்டில் போய் விலையை மாற்றினால் குலைகளின் எண்ணிக்கை மாறாது.

2. ஒவ்வொரு நிலத்தையும் காலால் நடந்து பதிவு செய்யுங்கள்

எந்த வயதுக் கொடியைப் பழங்கொடி என்பது? பிரான்ஸில் புட்டிச் சீட்டில் அந்தச் சொல்லை அச்சிட சட்டம் வயது எதையும் நிர்ணயிக்கவில்லை. சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு 2024-இல் 35 ஆண்டு என்று வரையறுத்தது. ஒரு தோட்டத்தைப் பழந்தோட்டம் என்று சொல்ல, அதன் கொடிகளில் 85 விழுக்காடாவது அந்த வயதைத் தாண்டியிருக்க வேண்டும். எங்கள் பகுதியில் 35 வயதுக் கொடி நடுத்தர வயதுக்காரர்தான், நாங்கள் 50-ஐ எல்லையாக வைத்தோம். எந்த எண்ணாக இருந்தாலும் அதை எழுதி வைத்து, எல்லா உறுப்பினருக்கும் ஒன்றுபோல் பயன்படுத்துங்கள். நட்ட ஆண்டு அரசின் தோட்டப் பதிவேட்டில் இருக்கும்.

ஆனால் பதிவேடு நிலத்தின் வயதைச் சொல்லும், ஒவ்வொரு கொடியின் வயதையும் சொல்லாது. பழந்தோட்டத்தில் செத்துப்போன கொடிகளின் இடத்தில் இளங்கொடி நட்டிருப்பார்கள். அவற்றின் பழம் வேறு நாளில் பழுக்கும். ஜூலையில் நிறமுள்ள நாடாவை எடுத்துக்கொண்டு போய் இளங்கொடிகளில் கட்டிவிடுங்கள். அறுவடை நாளில் பறிப்பவர்கள் அவற்றைத் தாண்டிப் போவார்கள்.

இன்னொன்றையும் அப்போதே கவனியுங்கள். பழைய நிலங்களில் பல வகைகள் கலந்தே நிற்கும்: கரினியானுக்கு நடுவே கிரெனாஷ், அராமோன், சதையே சிவப்பாக உள்ள அலிகாந்த். நாலைந்து அலிகாந்த் கொடிகளால் கெடுதல் இல்லை, நிறம் கூடும். ஒரு வரிசை முழுவதும் என்றால் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. தொட்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு நிலங்களைச் சேருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நல்ல நிலங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தொட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

பழைய கூட்டுறவுகளின் சிமென்ட் தொட்டிகள், ஊர் முழுவதன் விளைச்சலையும் ஒன்றாகக் கொட்டிய காலத்தில் கட்டப்பட்டவை. 200, 300 ஹெக்டோலிட்டர் அவற்றில் சாதாரணம். ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர், அதற்குச் சுமார் 130 கிலோ பழம் வேண்டும். அரை ஹெக்டேர் பழங்கொடியிலிருந்து 12 ஹெக்டோலிட்டர்தான் வரும். அதை 300 ஹெக்டோலிட்டர் தொட்டியில் ஊற்றினால் அடியில் ஒரு குட்டைபோல் கிடந்து, மேலே உள்ள காற்றெல்லாம் பட்டு வினிகராகும்.

அதனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். உங்களிடம் 100 ஹெக்டோலிட்டர் தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. நொதிக்கும்போது தோல் அடுக்கு பொங்கி மேலே வர ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டால், அது சுமார் 8 டன் பழம் கொள்ளும். பழங்கொடியில் அது ஏறத்தாழ இரண்டரை ஹெக்டேர், அதாவது நாலைந்து உறுப்பினர்களின் நிலம். இனி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த நாலைந்து நிலங்கள் ஒரே இரண்டு நாளுக்குள் பழுக்கும்? தரத்தில் முதலிடம், மூன்றாமிடம் என்று பார்த்துச் சேர்க்காதீர்கள். ஒரே உயரம், ஒரே திசை, ஒரே மண் என்று பார்த்துச் சேருங்கள். ஒரு வாரம் தள்ளிப் பழுக்கும் இரண்டு அருமையான நிலங்களை ஒரே தொட்டியில் போட்டால், ஒன்று காயாக வரும் அல்லது மற்றொன்று வற்றலாக வரும்.

பழத்தை நசுக்காமல் முழுக்குலையாகப் (ஏழாம் படி) போடப் போகிறீர்கள் என்றால் குலைகளுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் தொட்டி இன்னும் குறைவாகவே கொள்ளும். அதற்கும் இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

4. பழம் பழுத்ததை 200 திராட்சை மணிகளால் அளவிடுங்கள்

கரினியான் தாமதமாகப் பழுக்கும். செப்டம்பர் பின்பாதி, சில ஆண்டுகளில் அக்டோபர். எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பிருந்து நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டும்.

50 கொடிகள், கொடிக்கு 4 மணிகள். வரிசையின் ஓரக் கொடிகள் வேண்டாம், அவற்றுக்கு வெயிலும் இடமும் அதிகம். குலையின் மேல் பக்கம் ஒன்று, அடி ஒன்று, வெயில் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று. கொடியைப் பார்த்துக்கொண்டே பறித்தால் கை தானாகவே கறுத்த மணிக்குப் போகும். நான் கற்ற வழி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பறிப்பது. இந்தப் பிழை சின்னதாகத் தோன்றும், ஆனால் சர்க்கரைக் கணக்கையே ஏமாற்றிவிடும்.

சர்க்கரையை மட்டும் நம்பி நாள் குறிக்காதீர்கள். 13 டிகிரி வந்தும் விதை பச்சையாக இருந்தால் அந்த ஒயின் நாக்கை வறட்டும். பத்து மணிகளை மென்று பாருங்கள். விதை பழுப்பாகி மொறுமொறுவென உடைய வேண்டும், தோல் மெல்லும்போது புல் வாசம் இருக்கக் கூடாது. கிரெனாஷில் நிலைமை எதிர்ப்பக்கம்: சர்க்கரை ஓடும், புளிப்பு சரியும், அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து.

சாம்பல் நோய் கரினியானை எளிதில் பிடிக்கும். குலையின் உள்ளே விரலைவிட்டுப் பாருங்கள். வெளியே சுத்தமாக இருந்து உள்ளே சாம்பல் பூத்த குலைகள் ஒயினில் காளான் நாற்றம் தரும்.

2025 ஆகஸ்டில் கோர்பியேரில் சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் இன்னொரு சோதனையும் வேண்டும். புகை மணம் பழத்தில் கட்டுண்டு கிடக்கும், தின்றால் தெரியாது, நொதித்த பிறகே வெளிப்படும். சந்தேகமுள்ள நிலத்தின் சில கிலோ பழத்தை அறுவடைக்கு முன்பே வாளியில் நொதிக்க வைத்து முகர்ந்து பாருங்கள். புகை இருந்தால் அந்த நிலத்தைக் கூட்டுத் தொட்டியிலிருந்து விலக்கியே ஆக வேண்டும்.

5. பறிப்பு

இந்தக் கொடிகளுக்குக் கம்பி கிடையாது. தரையோடு தரையாக, கை விரித்த கிண்ணம்போல் நிற்கும். இயந்திரம் இங்கே வேலைக்கு ஆகாது, கைப்பறிப்புதான்.

விடியலில் தொடங்கி நண்பகலுக்கு முன் முடியுங்கள். சூடான பழம் வழியிலேயே நொதிக்கத் தொடங்கும். மழை பெய்திருந்தால் ஒரு நாள் பொறுங்கள். வடமேற்கிலிருந்து வீசும் வறண்ட திரமொந்தான் காற்று அடித்தால் குலைகள் சீக்கிரமே உலர்ந்துவிடும்.

பறிப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். கரினியானில் முதல் குலைகளுக்கு மேலே, தளிரின் நுனிப்பக்கம், சின்னச் சின்னப் பின்குலைகள் இருக்கும். தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே காய். ஆசைப்பட்டு அதையும் பெட்டியில் போடுவார்கள். அதை விட்டுவிட வேண்டும்.

6. எடை மேடையில் கண்ணை எடுக்காதீர்கள்

பழங்கொடிப் பழத்துக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், உதாரணமாகக் காலை 9 முதல் 11 வரை. அந்த நேரத்தில் வேறு டிராக்டர் உள்ளே வரக் கூடாது. மேடையில் ஒருவருக்கு இதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது.

ஒரு செப்டம்பரில், பழங்கொடிக் குழி பாதி நிறைந்திருந்தபோது, இளஞ்சிவப்பு ரோஸே ஒயினுக்கென்று வந்த டிராக்டர் வரிசை மாறிப் பின்னால் வந்து தன் சுமையைக் கொட்டிவிட்டது. ஓட்டியவர் மேல் தவறில்லை, மேடையில் யாரும் நிற்கவில்லை. நான்கு குடும்பங்களின் ஓராண்டு உழைப்பு சாதாரணத் தொட்டிக்குப் போனது. அன்று மாலை அவர்களில் வயதான பெண்மணி ஒருவர் என்னிடம் வந்து, "எங்கள் பழம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நாளிலிருந்து, மேடைப் பலகையில் டிராக்டர் வரிசையை நானே எழுதி வைக்கிறேன்.

டிகிரி அளக்கும்போது சுமையின் ஒரே மூலையிலிருந்து மாதிரி எடுக்காதீர்கள். மூன்று நான்கு இடத்தில் எடுத்துக் கலந்து, உறுப்பினர் கண்ணெதிரே அளந்து, அவரிடமே எண்ணைக் காட்டுங்கள். கூட்டுறவில் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தில்தான்.

7. முழுக்குலை நொதிப்பு

கரினியானின் தோலில் நாக்கை வறட்டும் டேனின் கடுமை, புளிப்பும் அதிகம். பழத்தை நசுக்கி வழக்கமாக ஊறவைத்தால் இரண்டும் சேர்ந்து கரடாக வரும். நசுக்காமல் முழுக்குலையாகக் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் வைத்தால், மணிக்குள்ளேயே, ஈஸ்ட் இல்லாமலே ஒரு நொதிப்பு நடக்கும். சுமார் 2 விழுக்காடு ஆல்கஹால் உருவாகும். பழத்தின் கூர்மையான புளிப்பான மாலிக் அமிலத்தில் கணிசமான பகுதி, சில நேரம் பாதிவரை, குறையும். விதையின் கசப்பு அதிகம் இறங்காது. நல்ல பழங்கொடி கரினியானுக்கு என் முதல் தேர்வு இதுவே.

வரிசை முக்கியம். பழம் போடும் முன்பே தொட்டியை வாயுவால் நிரப்புங்கள். பிறகு பெட்டிகளைப் பம்பு இல்லாமல் மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். அடியில் உள்ள குலைகள் எடையில் நசுங்கிச் சாறு விடும். அந்த அடிச்சாற்றுக்கு அன்றே ஈஸ்ட் கொடுங்கள். ஹெக்டோலிட்டருக்கு 20 கிராம் உலர் ஈஸ்ட்டைப் பத்து மடங்கு, 37 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சாற்றை அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வெப்ப வித்தியாசம் 10 டிகிரிக்குள் வந்த பிறகே ஊற்ற வேண்டும். நேரே ஊற்றினால் பாதி ஈஸ்ட் அதிர்ச்சியில் செத்துவிடும். அடிச்சாறு சும்மா கிடந்தால் சூட்டில் பாக்டீரியா முந்திக்கொண்டு வினிகர் புளிப்பை உண்டாக்கும்.

தொட்டியின் நடுவே 30 டிகிரி செல்சியஸ் அளவில் 10 முதல் 15 நாள். குளிராக இருந்தால் இன்னும் நீளும். தினமும் அடிச்சாற்றின் அடர்த்தியையும் வாசத்தையும் பாருங்கள், மேலிருந்து ஒரு மணியை எடுத்து அழுத்திப் பாருங்கள். தோலின் நிறம் சதைக்குள் இறங்கி, மணி மெத்தென்று ஆகியிருந்தால் இறக்கும் நாள் வந்துவிட்டது.

*வாயு.* ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 40 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வெளிவரும். அது காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியிலும் கூடத்தின் தாழ்வான மூலையிலும் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. 2021 செப்டம்பரில் இத்தாலியின் கலாப்ரியாவில் ஒரு தொட்டியில் நான்கு உயிர்கள் போயின. ஒருவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் விழுவதுதான் இந்த விபத்துகளின் வழக்கமான வடிவம்.

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்குவார்களே, அதேதான். அது போதாது. சுடர் அணையும் நிலை வரும் முன்பே வாயு ஆளை மயக்கும் அளவைத் தாண்டியிருக்கும். அளவுக் கருவியை இறக்கி எண்ணைப் பாருங்கள், விசிறி வைத்துக் காற்றை மாற்றுங்கள், வெளியே ஒருவர் கயிற்றோடு நிற்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், மூச்சுக் கருவி இல்லாமல் நீங்கள் இறங்காதீர்கள். இதில் விதிவிலக்கு கிடையாது.

8. காம்பு நீக்கி நொதிக்க வைப்பதென்றால்

கிரெனாஷுக்கும், காம்புகள் பச்சையாக இருக்கும் ஆண்டுகளில் கரினியானுக்கும் இந்த வழி. காம்பை நீக்கி, லேசாக நசுக்கி, கிருமிகளை அடக்க ஹெக்டோலிட்டருக்கு 3 முதல் 5 கிராம் சல்பர் டை ஆக்சைடு சேர்த்து, 25 முதல் 28 டிகிரி செல்சியஸில் 10 நாள் போல் வைக்கலாம்.

அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே மிதக்கும் தோல் அடுக்கின் மீது ஊற்றும் வேலையை முதல் நாட்களில் அதிகமாகவும், அடர்த்தி 1,040-க்குக் கீழே (நீருக்கு 1,000) வந்த பின் குறைவாகவும் செய்யுங்கள். ஆல்கஹால் ஏறிய பிறகு ஊற்றுவது விதையின் கசப்பைத்தான் கரைத்துக் கொண்டுவரும். நாள் தவறாமல் ஒரே அளவில் ஊற்றிக்கொண்டே இருப்பது புதியவர்கள் உழைப்பு என்று நினைத்துச் செய்யும் பிழை.

நீர்ப்பாசனம் இல்லாத பழங்கொடிகளின் சாற்றில் ஈஸ்டுக்கு உணவாகும் நைட்ரஜன் குறைவாக இருப்பது வழக்கம். லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நொதிப்பு பாதியில் நிற்கும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் ஈஸ்ட் உணவு கொடுங்கள், அப்போது காற்றும் காட்டுங்கள்.

9. பிழிதல்

வழக்கமான முறையில் தானாக வடிவது மேலானது, பிழிந்து வருவது கரடானது, அதனால் தனியே வைக்க வேண்டும். முழுக்குலை முறையில் இது தலைகீழ். மணிக்குள் நடந்த நொதிப்பின் மணமெல்லாம் பிழிந்த சாற்றில்தான் இருக்கிறது. பழக்கத்தில் அதை இரண்டாந்தரத் தொட்டிக்கு அனுப்பிவிட்டால், இதுவரை செய்த வேலையின் பலனை அனுப்பிவிட்டீர்கள் என்று பொருள்.

பிழிந்ததும் மணிகளுக்குள் மிச்சமிருந்த சர்க்கரை வெளியே வரும், ஈஸ்ட் பாய்ந்து தின்னும், வெப்பம் வேகமாக ஏறும். குளிர்விக்கும் நீரை முன்கூட்டியே திறந்து 20 டிகிரி அளவில் வைத்திருங்கள். இரண்டு முதல் நான்கு நாளில் அடர்த்தி 995-க்குக் கீழே வர வேண்டும். அடர்த்தி எண்ணை மட்டும் நம்பாமல் சர்க்கரையை ஆய்வகத்தில் பாருங்கள்: லிட்டருக்கு 2 கிராமுக்குள்.

10. மாலிக் நொதிப்பு, இறுத்தல், கலத்தல்

கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் நொதிப்பு இது. 18 முதல் 20 டிகிரி போதும். அது முடியும்வரை சல்பர் டை ஆக்சைடு சேர்க்கக் கூடாது, பாக்டீரியா செத்துவிடும். முடிந்ததும் தாமதிக்காமல் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அதே பாக்டீரியா வேறெதையாவது தின்னத் தொடங்கும்.

முழுக்குலை ஒயினில் சர்க்கரை தீரும் முன்பே இது தொடங்கிவிடலாம். அப்போது பாக்டீரியா சர்க்கரையையும் தொட்டு வினிகர் புளிப்பை ஏற்றும். ஐரோப்பிய விதிப்படி சிவப்பு ஒயினில் அந்தப் புளிப்பு, அசிட்டிக் அமிலக் கணக்கில், லிட்டருக்கு 1.2 கிராமைத் தாண்டக் கூடாது. அதில் பாதியை எட்டும்போதே நான் தூக்கம் தொலைப்பேன்.

பிறகு மண்டி அடியில் தங்கத் தங்கத் தெளிவை இறுத்துக்கொண்டே வரலாம். கரினியானுக்குக் காற்றில்லாமல் அடைபட்ட வாசம் வரும், தெளிவை இறுத்து எடுக்கும்போது கொஞ்சம் காற்றுப் பட்டால் அது விலகும். கிரெனாஷுக்குக் காற்று ஆகாது. புதிய மரப்பீப்பாய் வேண்டாம் என்பது என் கருத்து. மரவாசம் வேண்டுமானால் இளங்கொடி ஒயினுக்குக் கொடுங்கள்.

கோர்பியேர் என்ற பெயரில் விற்க ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளின் கலவை வேண்டும். கரினியான் மட்டும் என்றால் அந்தப் பெயர் கிடைக்காது, விதி தளர்ந்த வட்டாரப் பெயரில் விற்கலாம். இந்த முடிவைப் புட்டியடைக்கும் வாரத்தில் எடுக்காமல், மாலிக் நொதிப்பு முடிந்ததும் தொட்டி தொட்டியாகச் சுவைத்து எடுங்கள். சுவைக்கும்போது அந்த நாலைந்து உறுப்பினர்களையும் கூப்பிடுங்கள். தன் நிலத்தின் ஒயினைத் தனியே சுவைத்தவர் அடுத்த ஆண்டு பின்குலையைப் பெட்டியில் போடமாட்டார்.

11. கவாத்துக்கு முன் குச்சி எடுங்கள்

ஜூலையில் நிலத்தை நடந்து பார்க்கும்போதே, நோயில்லாத, மணி சிறிய, குலை நெருக்கமில்லாத கொடிகளையும் வேறு நிற நாடாவால் குறித்து வையுங்கள். இலை உதிர்ந்த பின், கவாத்துக் கத்திரி வரும் முன், அந்தக் கொடிகளிலிருந்து குச்சிகளை வெட்டி, நிலத்தின் பெயரை எழுதிக் கட்டி, ஈர மணலில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நாற்றுப்பண்ணை அவற்றை வேர்ப்பூச்சியைத் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித் தரும்.

கடையில் ஒரே வகைக் கன்று வாங்கி இடைவெளியை நிரப்புவது எளிது. ஆனால் அது எங்கேயும் கிடைக்கிற கரினியான். இந்தச் சரிவில் வறட்சியைப் பல பத்தாண்டுகள் தாங்கி நின்ற கொடியின் பிள்ளை அல்ல. கட்டுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பிப்ரவரிக் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.